சுவரில் எழுந்த முகம்: ‘வெள்ளை ஆஸ்திரேலியா’வும் குடியேறிய உழைப்பாளர்களும்

(மும்பையில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பசை வாளியையும் தூரிகையையும் சுமந்துகொண்டு இரவில் சுவரொட்டி ஒட்டப் போன அனுபவம் இல்லாதவர்கள் இந்த அரங்கில் மிகச் சிலராகவே இருப்பர். எந்தச் சுவரில் ஒட்டினால் ஆலைக்குச் செல்லும் தொழிலாளர்களின் கண்ணில் படும், எந்தச் சுவரில் ஒட்டினால் விடிவதற்குள் கிழிக்கப்படும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆகவே, ‘தேசமும் குடியேறிய தொழிலாளர்களும்’ என்ற இன்றைய தலைப்பை ஒரு சுவரொட்டியிலிருந்தே தொடங்குகிறேன். அது நம் ஊர்ச் சுவரொட்டி அன்று, ஆஸ்திரேலியாவில் ஒட்டப்பட்டது. ஆனால் அதில் இருக்கும் முகம் நம்முடைய முகம்.

அடிலெய்டு நகரைச் சேர்ந்த பீட்டர் ட்ரூ என்னும் தெருக்கலைஞர் 2016ஆம் ஆண்டில் ஒரு சுவரொட்டியை அச்சிட்டு, ஆஸ்திரேலியாவின் பல நகரங்களுக்கும் சென்று தம் கையாலேயே சுவர்களில் ஒட்டினார். தலைப்பாகை அணிந்து, கோட்டு உடுத்தி, நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதரின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதன் கீழே பெரிய எழுத்துகளில் ‘ஆஸி’ என்ற ஒரே ஒரு சொல். ஆஸ்திரேலியர் தம்மைத் தாமே உரிமையோடு அழைத்துக்கொள்ளும் சொல் அது. படத்தில் இருப்பவரின் பெயர் மோங்கா கான். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவிலிருந்து சென்று விக்டோரியா மாநிலத்தில் ஊர் ஊராகச் சுற்றித் துணிமணிகளும் சிறு பொருள்களும் விற்றுப் பிழைத்த நடைவியாபாரி. புகைப்படம் எடுக்கப்பட்ட ஆண்டு 1916.

அதற்கு முந்தைய ஆண்டில் இதே கலைஞர், உண்மையான ஆஸ்திரேலியர் வந்தோரை வரவேற்பர் என்னும் பொருள்பட மற்றொரு சுவரொட்டியை நாடெங்கும் ஒட்டியிருந்தார். படகுகளில் வந்த அகதிகளை ஆஸ்திரேலிய அரசு தன் மண்ணில் கால்வைக்க விடாமல் நவ்ரு தீவிலும் மானஸ் தீவிலும் முகாம்களில் அடைத்துவைத்திருந்த காலம் அது. ‘வந்தவர்களை வரவேற்போம்’ என்று சொன்ன கை, அடுத்த ஆண்டில் ஒரு படி மேலே சென்று, ‘இவர் வந்தவரே அல்லர், இந்நாட்டவர்’ என்று சொன்னது.

இந்தப் புகைப்படம் அந்தக் கலைஞருக்கு எங்கே கிடைத்தது? நம்முடைய பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

விலக்குவதற்காக எடுத்த படம்

இப்படம் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே இதுபோன்ற ஆயிரக்கணக்கான படங்கள் கோப்புகளில் உறங்குகின்றன. இந்தியர், சீனர், ஆப்கானியர், சிரியர், ஜப்பானியர் என வெள்ளையரல்லாத உழைப்பாளர்களின் முகங்கள். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். பல கோப்புகளில் தாளின் பின்புறம் மையில் தோய்த்த உள்ளங்கையின் அச்சும் இருக்கும். குற்றவாளிகளைப் பதிவுசெய்யும் முறை இது. இவர்கள் செய்த குற்றம் என்ன? தாய் தந்தையரைப் பார்க்கவோ, திருமணம் செய்யவோ சொந்த ஊருக்குச் சென்று, மீண்டும் தாம் வாழ்ந்து உழைத்த நாட்டுக்குத் திரும்பி வர அனுமதி கேட்டதுதான்.

1901ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் ஆறு காலனிகள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டமைப்பு உருவாயிற்று. புதிய நாடாளுமன்றம் இயற்றிய முதல் சட்டங்களுள் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். அச்சட்டத்தில் ‘வெள்ளையர் மட்டும்’ என்ற சொற்கள் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தேர்வு இருந்தது. அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பத்தியை வாசிப்பார். வந்திறங்கியவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பதை முடிவு செய்பவர் அதிகாரி. ஆங்கிலம் அறிந்தவரிடம் பிரெஞ்சு. பிரெஞ்சும் அறிந்தவரிடம் வேறொன்று. தேர்வு எழுதுபவர் தோற்க வேண்டும் என்பதற்காகவே வகுக்கப்பட்ட தேர்வு அது. 1909ஆம் ஆண்டுக்குப் பிறகு அதில் ஒருவரும் தேறவில்லை.

ஏற்கெனவே நாட்டுக்குள் வாழ்ந்தவர் வெளியே சென்று திரும்பினாலும் இத்தேர்வு அவரைத் துரத்தும். அதிலிருந்து விலக்குப் பெற ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்காக எடுக்கப்பட்ட படம்தான் மோங்கா கானின் படம். ‘இவன் இந்நாட்டவன் அல்லன்’ என்று பதிவு செய்வதற்காக அரசு எடுத்த அதே படத்தின் கீழ், நூறாண்டு கழித்து ஒரு கலைஞர் ‘இந்நாட்டவர்’ என்று எழுதினார். அரசின் ஆவணமே அரசுக்கு எதிரான சாட்சியாயிற்று. அந்தச் சுவரொட்டியின் வலிமை இதில்தான் இருக்கிறது.

நட்டாலிலிருந்து வந்த வழிமுறை

மொழித் தேர்வு என்னும் இந்த வழிமுறையின் பிறப்பிடம் ஆஸ்திரேலியா அன்று, தென்னாப்பிரிக்காவின் நட்டால். இதில் தமிழ்த் தொழிலாளர்களாகிய நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1860இல் தொடங்கி, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழ், தெலுங்கு உழைப்பாளர்கள் நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்த பின்பு அவர்களுள் பலர் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டனர், கடை வைத்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து இந்திய வணிகர்களும் வந்தனர். ‘ஒப்பந்தக் கூலியாக இருக்கும்வரை வேண்டும், சுதந்திர மனிதனாக வேண்டாம்’ என்று வெள்ளைக் குடியேற்றக்காரர்கள் முடிவு செய்தனர். இந்தியர் சுதந்திரமாகக் குடியேறுவதைத் தடுக்க 1897இல் நட்டாலில் மொழித் தேர்வைக் கொண்டு ஒரு சட்டம் வந்தது.

லண்டனில் இருந்த காலனி அமைச்சகத்துக்கு இந்த வழிமுறை பிடித்துப்போயிற்று. இந்தியரும் பேரரசின் குடிமக்களே என்று ஒருபுறம் சொல்லிக்கொண்டு, மறுபுறம் நிறத்தைச் சொல்லி அவர்களை விலக்கினால் அவமானம். ஜப்பானோடு உள்ள உறவுக்கும் ஊறு. மொழியைச் சொல்லி விலக்கினால் கை கறைபடாது. ஆகவே ஆஸ்திரேலியாவுக்கும் அதையே பரிந்துரைத்தது. இனவெறிக்கு நாகரிக உடை உடுத்துவதில் ஏகாதிபத்தியம் எப்போதும் கைதேர்ந்தது.

உழைப்பு வேண்டும், உழைப்பாளி வேண்டாம்

இப்படி விலக்கப்பட்டவர்கள் அந்நாட்டுக்கு என்ன செய்தார்கள்?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும் பாலைநிலம். குதிரையும் மாடும் தாங்காத அந்த நிலத்தைக் கடக்க ஒட்டகம் தேவைப்பட்டது. 1860இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்துக்காக இந்தியாவில் ஒட்டகங்கள் வாங்கப்பட்டு, அவற்றை ஓட்டுபவர்களோடு மெல்போர்னில் வந்திறங்கின. ஆறாண்டுக்குள் தாமஸ் எல்டர் என்னும் பெருமுதலாளி கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றுடன் 31 ஒட்டகக்காரர்களையும் வரவழைத்தார். தெற்கே போர்ட் அகஸ்டாவையும் வடக்கே டார்வினையும் இணைத்து 1872இல் முடிக்கப்பட்ட தந்திக் கம்பிப் பாதைக்கும், தொலைதூரச் சுரங்கங்களுக்கும், ஆட்டுப் பண்ணைகளுக்கும் பொருள்களைச் சுமந்தவை இந்த ஒட்டகங்கள். தண்ணீர் இல்லாத ஊர்களுக்குத் தண்ணீரும் அவற்றின் முதுகில்தான் போயிற்று.

இந்த ஒட்டகக்காரர்கள் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், காஷ்மீர், ஆப்கானிஸ்தான் எனப் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பல மொழி பேசியவர்கள். வெள்ளையர் அவர்கள் அனைவரையும் ‘ஆப்கன்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தனர். தமிழரையும் மலையாளியையும் கன்னடரையும் தெலுங்கரையும் ‘மதராசி’ என்ற ஒரே சாக்கில் கட்டிய இந்த நகரத்தில் வாழும் உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. இன்று அந்தப் பாலையைக் கடக்கும் புகழ்பெற்ற சுற்றுலா ரயிலின் பெயர் ‘கான்’. ‘ஆப்கன்’ என்பதன் குறுக்கம் அது. உழைப்பாளியை விரட்டிவிட்டு அவன் பெயரைப் பயணச்சீட்டில் அச்சிட்டு விற்பது முதலாளித்துவத்துக்குப் புதிதன்று.

குவின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களின் கதை இன்னும் கொடியது. 1863 முதல் நாற்பதாண்டுகளில் பசிபிக் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 62,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பலர் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள். காட்டை அழித்துக் கரும்பு நிலமாக்கியது அவர்களுடைய கை. 1901இல் வந்த மற்றொரு சட்டம் அவர்களை நாடு கடத்த ஆணையிட்டது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டனர். பின்னர், வெள்ளைத் தொழிலாளரைக் கொண்டு விளைவித்த கரும்புக்கு அரசு தனி மானியம் வழங்கிற்று.

தொழிற்சங்க இயக்கம் செய்த பிழை

தோழர்களே, இதுவரை சொன்னவற்றை முதலாளிகள் மீதும் லண்டன் மீதும் போட்டுவிட்டு அமர்ந்துவிடலாம். அது எளிது, ஆனால் உண்மையில் பாதிதான். மறுபாதி நமக்குக் கசப்பானது.

அந்நாளைய ஆஸ்திரேலியத் தொழிலாளர் இயக்கம் உலகிலேயே முன்னேறியதாகக் கருதப்பட்டது. மெல்போர்ன் கட்டடக் கல்தச்சர்கள் 1856லேயே எட்டு மணி நேர வேலைநாளை வென்றெடுத்தனர். 1904இல் தேசிய அளவில் உலகின் முதல் தொழிலாளர் கட்சி அரசு அமைந்தது அங்கேதான். 1902இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆனால் பெண்களுக்கு வாக்களித்த அதே 1902ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர், ஆப்பிரிக்கர், பசிபிக் தீவினர் ஆகியோருக்கும், அம்மண்ணின் பூர்வகுடி மக்களில் பெரும்பாலோருக்கும் வாக்குரிமையை மறுத்தது. ஓய்வூதியச் சட்டமும் ஆசியாவில் பிறந்தவர்களையும் பூர்வகுடிகளையும் விலக்கியே வைத்தது.

தொழிலாளர் கட்சியும் பெரும்பாலான சங்கங்களும் இவற்றை எதிர்க்கவில்லை; முன்னின்று கோரின. 1901இல் மொழித் தேர்வு போதாது, நிறத்தின் பெயரால் வெளிப்படையாகவே தடை வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தவர் தொழிலாளர் கட்சியின் தலைவர் வாட்சன். 1905இல் அக்கட்சி தன் குறிக்கோள்களில் இனத் தூய்மையைக் காப்பதையும் சேர்த்தது. தன் வேலைத்திட்டத்திலிருந்து வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை நீக்க அதற்கு 1965 வரை காலம் பிடித்தது.

இதற்கு ஒரு பொருளாதார வேர் இருந்தது; அதை மறைக்கக் கூடாது. 1878இல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் வெள்ளை மாலுமிகளின் இடத்தில் குறைந்த கூலிக்குச் சீன மாலுமிகளை அமர்த்தியது; மாலுமிகள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலியைக் குறைக்க முதலாளி ஒரு தொழிலாளிக்கு எதிராக மற்றொரு தொழிலாளியை நிறுத்துவது உண்மை. அந்த அச்சம் கற்பனையன்று. ஆனால் அதற்கு விடை என்ன? ‘அவனுக்கும் அதே கூலி கொடு’ என்று கேட்பது ஒரு விடை. ‘அவனைத் துரத்து’ என்று கேட்பது மற்றொரு விடை. ஆஸ்திரேலியச் சங்கங்கள் இரண்டாவதைத் தேர்ந்தன. சீனத் தொழிலாளிக்குப் போராடத் தெரியாது என்று சொல்லப்பட்ட அதே காலத்தில், மெல்போர்னின் சீன மரச்சாமான் தொழிலாளர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்து வேலைநிறுத்தமும் செய்தனர். வெள்ளைத் தொழிலாளர்களின் சங்கங்கள் அவர்களோடு கைகோக்கவில்லை.

ஆங்கிலேயத் தொழிலாளியும் அயர்லாந்துத் தொழிலாளியும் பகைத்து நிற்பதே ஆளும் வர்க்கத்தின் வலிமையின் இரகசியம் என்று மார்க்ஸ் 1870லேயே ஒரு கடிதத்தில் விளக்கியிருந்தார். 1907இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டில் இக்கேள்வி விவாதத்துக்கு வந்தது. இன அடிப்படையில் குடியேற்றத்தைத் தடுப்பதை மாநாடு நிராகரித்தது. எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி, ஒப்பந்தக் கூலி முறை ஒழிப்பு, குடியேறியவருக்குச் சங்கத்தில் தடையற்ற இடம் ஆகியவற்றைக் கோரியது. தடையை ஆதரித்த பிரதிநிதிகளை லெனின் கடுமையாக விமர்சித்தார். சலுகை பெற்ற நாடுகளின் தொழிலாளரிடையே ஊடுருவிய மேட்டுக்குடி மனப்பான்மை என்று அதை அவர் அடையாளம் கண்டார்.

பிழை செய்தவர்களை அந்தப் பிழையே வந்து தீண்டியது. 1934இல் போரையும் பாசிசத்தையும் எதிர்த்துப் பேச ஆஸ்திரேலியாவுக்கு வந்தார், பிராக் நகரில் பிறந்த கம்யூனிஸ்ட் எழுத்தாளர் எகோன் கிஷ். அரசு அவரைக் கப்பலிலிருந்து இறங்க விடவில்லை. மெல்போர்ன் துறைமுகத்தில் அவர் கப்பலிலிருந்து கரைக்குக் குதித்தார், கால் முறிந்தது. அவர் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். ஆகவே அதிகாரிகள் அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தனர்! அச்சட்டத்தின் பொருளில் அது ஐரோப்பிய மொழியே அன்று என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசியத் தொழிலாளிக்காகத் தீட்டப்பட்ட கத்தி, வெள்ளைக் கம்யூனிஸ்ட் ஒருவரின் கழுத்துக்கும் வந்தது. ஒரு பகுதி மக்களை விலக்கச் செய்யப்படும் சட்டம் அந்தப் பகுதியோடு நிற்பதில்லை.

கெஞ்சுதலும் தோழமையும்

விலக்கப்பட்டவர்களுக்காகப் பேசியவர்களும் இருந்தனர். 1922இல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் ஆஸ்திரேலியா சென்று அங்கு வாழ்ந்த இந்தியருக்குச் சம உரிமை கேட்டார். 1925இல் இந்தியருக்குக் கூட்டமைப்புத் தேர்தல் வாக்குரிமை கிடைத்தது. அதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை எதிர்க்க வரவில்லை என்று சொல்லிவிட்டே அவர் கேட்டார். பேரரசின் நல்ல குடிமக்கள் என்ற தகுதியில் கேட்கப்பட்ட உரிமை அது. இந்தியருக்குக் கதவு சற்றே திறந்தது, சீனருக்கும் பூர்வகுடிக்கும் மூடியே கிடந்தது.

இருபதாண்டு கழித்து வேறொரு வழி தெரிந்தது. 1945இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தபோது, அதை மீண்டும் அடிமைப்படுத்த ஆயுதம் ஏற்றிச் செல்லவிருந்த டச்சுக் கப்பல்களில் வேலை செய்ய ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்தனர். அவர்களோடு இந்தோனேசிய மாலுமிகளும் சீன மாலுமிகளும் இந்திய மாலுமிகளும் நின்றனர். அந்தப் போராட்டத்தை டச்சுத் திரைப்படக் கலைஞர் யோரிஸ் இவன்ஸ் 1946இல் ‘இந்தோனேசியா அழைக்கிறது’ என்னும் ஆவணப்படமாக்கினார். எந்தத் துறைமுகத்தில் மொழித் தேர்வு வைக்கப்பட்டதோ, அதே துறைமுகத்தில் நான்கு நாட்டுத் தொழிலாளர்கள் ஒரே வேலைநிறுத்தத்தில் நின்றனர். கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய சங்கங்கள் அதில் முன்னணியில் இருந்தன என்பது நமக்குப் பெருமை. மொழித் தேர்வு 1958இல் ஒழிந்தது. 1973இல் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் எச்சங்களும் கைவிடப்பட்டன.

சுவரொட்டியின் வரம்பு

மீண்டும் அந்தச் சுவரொட்டிக்கு வருவோம். அதை நாம் வரவேற்க வேண்டும். அதே வேளையில் அதன் வரம்பையும் காண வேண்டும்.

‘ஆஸி’ என்னும் பட்டத்தை ஒருவருக்கு வழங்கும் உரிமை யாருக்கு உண்டு? அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் பூர்வகுடி மக்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யை அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் நிராகரிக்கவே 1992 ஆயிற்று. தேசியத்தின் வட்டத்தை விரிவாக்கி இன்னொருவரையும் உள்ளே அழைப்பது நல்லது. அந்த வட்டம் யாருடைய நிலத்தின் மேல் வரையப்பட்டது என்று கேட்பது அதனினும் அவசியம்.

இன்னொன்று: சுவரொட்டி மனிதரின் மனத்தைத் தட்டும், சட்டத்தை அது மாற்றாது. 2025 ஆகஸ்ட் 31 அன்று ஆஸ்திரேலிய நகரங்களில் குடியேற்றத்தை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. அவற்றுக்கான பரப்புரையில் இந்தியர் குறிவைக்கப்பட்டனர். வீட்டு வாடகை ஏறினால், வேலை நிலையற்றுப் போனால், அதற்குக் காரணமான மூலதனத்தின் மீது திரும்ப வேண்டிய கோபம் பக்கத்து வீட்டு அந்நியர் மீது திருப்பிவிடப்படுகிறது. அந்தக் கோபத்தைச் சரியான திசைக்குத் திருப்பும் வேலை சங்கத்தினுடையது. அதைச் சுவரொட்டியிடம் ஒப்படைக்க முடியாது.

நம் சுவர், நம் பதிவேடு

இந்த நகரத்தில் நம் முன்னோர் தாராவியில் தோல் பதனிட்டனர். ஆலைகளிலும் ரயில்வேயிலும் உழைத்தனர். 1966க்குப் பிறகு, மண்ணின் மைந்தர்களின் வேலையைப் பறிக்கும் அந்நியர் என்று தென்னிந்தியரை அடித்தனர். அந்த அரசியல் அதோடு நிற்கவில்லை. பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் 1970இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மராத்தியர். ‘அந்நியரை விரட்டு’ என்ற முழக்கம் யாருடைய சங்கத்தை உடைக்க எழுந்தது என்பதற்கு அவருடைய குருதியே சான்று. 2008இல் அதே முழக்கம் வட இந்தியத் தொழிலாளர் மீது திரும்பிற்று.

இன்று வங்கமொழி பேசும் தொழிலாளியிடம் காகிதம் கேட்கிறார்கள். அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டனர். பெயரில் ஓர் எழுத்து மாறியதற்கும், தாத்தாவின் சான்று கிடைக்காததற்கும் மனிதர்கள் அந்நியராயினர். பேசும் மொழியை வைத்தே ஒருவரைச் சந்தேகிக்கும் இம்முறையை நூறாண்டுக்கு முந்தைய அந்த ஐம்பது சொற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லி ஜாமியா மாணவர்கள் பல்கலைக்கழகச் சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது வெள்ளையடித்து அழிக்கப்பட்டன. சுவரில் எழும் முகத்தைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சுவது எங்கும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் அங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரப்பப்பட்டன. அவை பொய் என்பது நிறுவப்பட்டது; மகிழ்ச்சி. ஆனால் ‘வடக்கன்’ என்ற சொல்லை நம் வீட்டிலும் தேநீர்க் கடையிலும் எந்தத் தொனியில் சொல்கிறோம்? ‘மதராசி’ என்று நம்மை அழைத்தபோது நமக்கு எரிந்ததே, அந்தத் தொனியில்தானே?

மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்காக 1979இல் வந்த சட்டம், 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. அவர்களைக் காக்கும் வேலை இனி இன்னும் அதிகமாகச் சங்கங்களின் மீதே விழும். ஆகவே ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நாளை உங்கள் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் பணியிடத்தில் சாரம் கட்டுபவர், கல் சுமப்பவர், சாக்கடையில் இறங்குபவர் ஆகியோருள் வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அரசு வைத்திருக்கும் பதிவேடு அவர்களை விலக்குவதற்கானது. நம்முடைய பதிவேடு எதற்கானது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் இடம்பெறாத ஒவ்வொரு பெயரும், ஆஸ்திரேலியச் சங்கங்கள் செய்த பிழையை நாமும் செய்வதன் அடையாளம். அந்தப் பெயர்களை எழுதும் வேலையை இந்த வாரமே தொடங்குவோம்.